பதினோராம் பக்கத்து எச்சரிக்கைகள்

அவள் அந்தப் பாஷையில் வாயைத் திறந்தால் ஏழு கடலும் அலையடிப்பதை நிறுத்திவிட்டுக் கைகட்டிக் கேட்கும். ஒன்பது நாட்டு ராஜாக்கள் தும்முவதற்கு முன்னால் அவளுக்குக் கடிதம் போட்டு உத்தரவு வாங்குவார்கள். ஆகாயத்தில் போகிற விமானம் அவள் குரல் கேட்டால் இறக்கையை மடக்கி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நகரும். அந்தப் பாஷையைக் கண்டுபிடித்தவர்களே சந்தேகம் வந்தால் அவள் வீட்டு வாசலில் வரிசையில் நின்றுதான் தீர்த்துக்கொள்கிறார்கள் என்றால் மற்றதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் குறைத்துச் சொன்னால், அவள் ஒரு மின்சாமான் கம்பெனியில் காகிதம் மடிக்கிறவள்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ஹீட்டர் எது வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு காகிதம் இருக்குமே, நீங்கள் படிக்காமல் தூக்கிப் போடுவீர்களே, அதுதான். விரித்தால் போர்வை. மடித்தால் தீப்பெட்டி. அந்தப் போர்வையைத் தீப்பெட்டியாக்குவதுதான் அவள் பதினோரு வருஷமாகச் செய்த வேலை. தாளில் பதினான்கு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பாஷை, எல்லாவற்றிலும் ஒரே சமாசாரம். கம்பெனியில் கட்டம் என்று சொல்லமாட்டார்கள், பக்கம் என்பார்கள். ஆறாம் பக்கம் நம் பாஷை. பதினோராம் பக்கம், சாமானை அதிகமாக வாங்குகிற தூரதேசத்துக்காரர்களுடையது. அந்தப் பாஷைக்கு என்று ஒரு நல்ல பெயர் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் மடிப்பறையில் அதன் பெயர் ‘பதினொண்ணு’.

மடிப்பறை கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல்கள் உண்டு. வேலை செய்கிறவர்கள் பராக்குப் பார்க்கக் கூடாது என்று கண்ணாடிக்கு வெள்ளைச் சாயம் பூசிவிட்டார்கள். வெளியே வெயிலா மழையா என்று சாயம் வெளுப்பதையும் மங்குவதையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு நீள மேசை, முதுகு இல்லாத ஸ்டூல்கள், இருபத்திரண்டு பெண்கள், ஒரே ஒரு இரும்புக் கதவு. எப்போதோ ஒருமுறை செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போயிற்று. எடுத்தவன் லாரிக்காரன், பிடிபட்டும் விட்டான். இருந்தாலும் அன்றிலிருந்து பெண்கள் இருக்கிற அறையைப் பூட்டினார்கள். ஆனை தொலைந்தால் குடத்துக்குள் கைவிட்டுத் தேடுகிற புத்தி.

காலை எட்டு மணிக்கு உள்ளே போனதும் வெளியே பூட்டு விழும். பன்னிரண்டரைக்குத் திறக்கும். ஒரு மணிக்கு மறுபடி விழும். இடையில் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டும். தட்டினால் வருகிறவர் மேற்பார்வையாளர். சாவியைக் கழுத்தில் பதக்கம் மாதிரித் தொங்கவிட்டிருப்பார். அதனால் அவர் சாவி சார்.

“இப்பத்தானே போயிட்டு வந்தே?”

“சார், அது நேத்து.”

இந்த வசனத்தை ஒரு நாளைக்கு நாலு பேராவது சொல்வார்கள். சாவி சாருக்கு ஒரு தடவை கூடச் சிரிப்பு வந்ததில்லை.

அவளுக்கு எதிர் ஸ்டூலில் இழுப்பு அக்கா. மூச்சிழுப்புக்காரி. காகிதத் தூசு ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். “அக்கா, ரயில் எத்தனை மணிக்கு?” என்று பக்கத்தில் கேட்பார்கள். “லேட்டுடி, இன்னும் சிக்னல் விழல” என்பாள் அவளும். அப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அந்தப் புகை வருகிற வரைக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூலையில் பிளாஸ்டிக் சுற்றுகிற மெஷின் புகைந்தது. பெரிய தீ இல்லை. கறுப்பாக, நாற்றமாக, பிடிவாதமான ஒரு புகை. கதவைத் தட்டினார்கள். பிறகு இடித்தார்கள். சாவி சார் டீ குடிக்கப் போயிருந்தார். சாவியும் அவர் கழுத்தோடு டீ குடிக்கப் போயிருந்தது. ஒன்பது நிமிஷம். சுவரில் கடிகாரம் இருந்ததால் அது ஒன்பது என்று தெரியும். இழுப்பு அக்காவின் வாயைக் கதவின் அடிச் சந்தில் வைத்து, அவள் தலையைத் தன் மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஒன்பதையும் எண்ணியவள் இவள்தான். யாரும் சாகவில்லை. அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று கம்பெனி முடிவு கட்டியது. ஒரு வாரம் கழித்து ஒரு மணல் வாளி வந்தது. அதைக் கதவுக்கு வெளியே மாட்டினார்கள்.

அந்த மணல் வாளியைப் பார்த்த நாளிலிருந்துதான் அவள் பதினொண்ணு படிக்க ஆரம்பித்தாள். நேராகச் சொன்னால் கோபத்தில். கைக்கு வேலை இருந்தது, கண்ணுக்கு இல்லை. கண்ணை எங்கேயாவது அனுப்ப வேண்டும், கதவோ பூட்டு. ஆகவே ஆறாம் பக்கத்துக்கும் பதினோராம் பக்கத்துக்கும் இடையே அனுப்பினாள். இங்கே ‘தண்ணீர்’ வருகிற இடத்தில் அங்கே எது வருகிறது? இங்கே ‘கூடாது’ எத்தனை தடவை, அங்கே எது அத்தனை தடவை? ஒரு நாளைக்கு ஆயிரத்தறுநூறு தரம் ஒரே காகிதம் கண்ணுக்குக் கீழே போனால் கல்லும் கரையும். ஆறு மாதத்தில் எழுத்துக் கூட்டினாள். ஒரு வருஷத்தில் படித்தாள்.

உச்சரிப்புக்கு வீட்டில் ஆள் இருந்தது. மகள். பதினாறு வயது. பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் அடிக்கடி பேச்சுவார்த்தை முறிந்துபோகும். இடது கைக்காரி. கம்பெனியில் கழித்துப் போட்ட காகிதங்களை அம்மா சாப்பாட்டு டப்பாவில் ஒளித்துக் கொண்டுவருவாள். மகள் அதைச் செல்போனில் படம் பிடித்தால் போன் அதை வாய்விட்டுப் படிக்கும். அம்மா திருப்பிச் சொல்வாள். இதில் மகள் ஒரு வேலை பார்த்தாள். போனில் இருந்த பெண்குரலை மாற்றி, கிணற்றுக்குள்ளிருந்து உறுமுகிற ஓர் ஆண்குரலை வைத்துவிட்டாள். அந்த ஊரில் பேச்சே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து அம்மா மூன்று வாரம் உறுமினாள். குட்டு வெளிப்பட்ட அன்று மகள் கட்டிலுக்கு அடியில் ஒரு மணி நேரம் குடியிருக்க வேண்டியதாயிற்று. மற்ற வார்த்தைகளெல்லாம் பிறகு சரியாகிவிட்டன. ‘எச்சரிக்கை’ என்பதை மட்டும் அவள் இன்றுவரை சளி பிடித்த மல்யுத்தக்காரன் மாதிரிதான் சொல்கிறாள்.

இன்னொரு காரியமும் வீட்டில் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ஒத்தாசைக்கு வந்து பத்துக் காகிதம் மடித்துக் கொடுத்தாள். அம்மா எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“என்னடி இது, எல்லாம் எதிர்ப்பக்கமாத் திறக்குது? கண்ணாடியில பார்த்த மடிப்பு மாதிரி இருக்கு!”

“இடது கை அப்படித்தாம்மா மடிக்கும்.”

“எங்க அறையில யார் மடிச்சதுன்னு நான் தொடாமலே சொல்லிடுவேன். உன்னுத நூறு கஜத்துலேர்ந்து சொல்லிடலாம்.”

சங்கடம் எங்கே என்றால், அந்தக் காகிதத்தில் மனுஷப் பேச்சு எதுவும் இல்லை. ‘நலமா’ இல்லை, ‘உட்காருங்கள்’ இல்லை, ‘நேற்று’ இல்லை. இருப்பதெல்லாம் எச்சரிக்கை. தொடாதீர்கள், அமிழ்த்தாதீர்கள், அடைக்காதீர்கள், மீறினால் தீ விபத்து நேரலாம். மொத்தக் காகிதத்திலும் அன்பாக இருப்பது முதல் வரி ஒன்றுதான்: ‘எங்கள் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி.’ ஆகவே அவளுக்குத் தெரிந்த பதினொண்ணு முழுவதும் கையை ஓங்கிக்கொண்டு நிற்கிற பாஷை. வேன் ஓட்டுகிற புருஷன் கத்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் அவள் அமைதியாக அந்தப் பாஷையில் சொல்வாள்: “சாதனம் சூடாக இருக்கும்போது மேல்மூடியைத் தொடாதீர்கள்.”

“என்ன சொல்றா உங்கம்மா?”

“நல்லாயிருக்கீங்களான்னு கேக்கறாங்கப்பா.”

மடிப்பறையிலும் இதே பேச்சுதான். அங்கே அவளுக்கு ‘எச்சரிக்கை அக்கா’ என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

முதல் கதவு திறந்தது ஒரு கெட்டிலால். புதுக் கெட்டிலுக்கு அச்சாகி வந்த காகிதத்தில், பதினோராம் பக்கத்தில் ஒரு வரி அவள் கண்ணைக் குத்தியது. கெட்டிலைத் தண்ணீரில் முழுதாக அமிழ்த்தச் சொல்லி எழுதியிருந்தது. சாவி சாரிடம் சொன்னாள். “நீ மடிம்மா, படிக்கறதுக்கு அவங்க இருக்காங்க” என்றார். சாப்பாட்டு நேரத்தில் மாடி ஏறிப்போய் மேனேஜரிடமே சொன்னாள். அவர் விசாரித்தார். உண்மை. நாற்பதாயிரம் காகிதம் எரிக்கப்பட்டது. மேனேஜர் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அவளும் அவருடைய அறையை முதல் தடவையாகப் பார்த்தாள். சாயம் பூசாத ஜன்னல். அதற்கு வெளியே ஒரு மரம், அதில் ஒரு காக்கை, வேலை வெட்டி இல்லாமல். அதன் கீழே ஒரு மேசை காலியாக இருந்தது, முதுகு உள்ள நாற்காலியோடு.

அடுத்த மாதம் அவரே கூப்பிட்டு அனுப்பினார்.

“நம்ம சாமானை வாங்கற தூரதேசத்துக் கம்பெனிலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. சோதனை பண்ண. அவங்க மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லையாம். நம்மகிட்டயே ஆள் இருக்குன்னு எழுதிட்டேன். நீதான்.”

“சார், எனக்குக் கெட்டில் பாஷைதான் தெரியும்.”

“போதும். அவங்க கேட்டா மூணே வரி சொல்லணும்.” ஒரு தாளை நீட்டினார். போனில் மொழிபெயர்த்து எழுதி வைத்திருந்தார். “கதவு எப்போதும் திறந்தே இருக்கும். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம். அவ்வளவுதான். சொல்லிட்டேன்னா மறுநாள்லேர்ந்து அந்த மேசை உன்னோடது. கடிதப் போக்குவரத்து. உங்க அறைப் பொம்பளைங்களுக்கும் ஏதாவது பார்ப்போம்.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். காக்கை அங்கேயே இருந்தது. தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள்.

இரண்டு நாள் வீட்டில் அந்த மூன்று வரி ஓடியது. அடுப்படியில், குளியலறையில், துணி காயப்போடும்போது. ‘கதவு’ என்கிற வார்த்தையை அவள் அப்போதுதான் கற்றுக்கொண்டாள். காகிதத்தில் ‘மூடி’தான் உண்டு. மகள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, இது பொய்தானே?”

“வரியைப் படிக்க வை.”

“இழுப்பு அக்காவுக்குத் தெரியுமா, நீ இதைச் சொல்லப்போறது?”

“உனக்கு வாய் நீளம். பதினோரு வருஷம் முதுகில்லாத ஸ்டூல்ல உக்காந்தது நீயா நானா? ஒரு மரம் தெரியுதுடி அங்கேருந்து. மரம்.”

மகள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வாயை மூடியது அபூர்வம் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கிறது.

அந்த நாள் வந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது மூடிக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. கம்பெனி மடிப்பிலேயே, தீப்பெட்டி அளவில். உள்ளே பதினோராம் பக்கத்துப் பாஷையில் கையால் எழுதிய ஒரே வரி: ‘எங்கள் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி.’ யார் வைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. மடிப்பறையில் குறும்புக்காரிகளுக்குப் பஞ்சமா? அவள் அதைப் படித்தாள், பழைய மடிப்பிலேயே மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள், சோற்றைப் பாதியில் மூடினாள்.

இரண்டு மணிக்கு அந்த அம்மா வந்தார். உயரம், தட்டைச் செருப்பு, கையில் ஒரு நோட்டு. கூடவே மேனேஜர், பின்னால் சாவி சார். சாவி அன்று கழுத்தில் இல்லை. கதவு அகலத் திறந்திருந்தது. அது மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு கல்லும் வைத்திருந்தார்கள். மணல் வாளிக்குச் சிவப்புச் சாயம் அடித்து உள்ளே கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். சாயம் காயாமல் இன்னும் நாறியது. அந்த நாற்றத்துக்கு இழுப்பு அக்காவின் நெஞ்சில் ரயில் புறப்பட்டுவிட்டது. சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் காகிதம் மடித்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் கதவைத் தொட்டுக் காட்டி மெதுவாகக் கேட்டார். “இது எப்போதும் இப்படித்தான் இருக்குமா?”

“கதவு எப்போதும்...” என்று ஆரம்பித்தாள்.

மேனேஜர் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. அவள் அங்கேயே நிறுத்தினாள். அடுத்த வார்த்தை தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. அதற்குப் பின்னால் மேசை, மரம், காக்கை எல்லாம் வரிசையாக நின்றன. எதிர் ஸ்டூலில் ரயில் கூவியது. இழுப்பு அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூட ஒருவேளை இவள் அந்த வரியைச் சொல்லி முடித்திருப்பாள்.

அப்புறம் அவள் வாயிலிருந்து வந்தது, மூன்று வருஷமாக அங்கே ஊறிக் கிடந்த பாஷை.

“எச்சரிக்கை!”

மல்யுத்தக்காரன் குரல். வந்தவர் ஓர் அடி பின்னால் போனார்.

“பயன்பாட்டின்போது மூடி வெளியிலிருந்து பூட்டப்படுகிறது. உள்ளே இருபத்திரண்டு உருப்படிகள். உருப்படிகளால் தாமாக மூடியைத் திறக்க இயலாது. ஆவி வெளியேற வழி இல்லை. புகை ஏற்பட்டால் ஒன்பது நிமிடங்கள் காத்திருக்கவும். ஓர் உருப்படி ஏற்கெனவே பழுதடைந்துள்ளது. தீ விபத்து நேரலாம். தகுதியுள்ள நபரை உடனே அணுகவும்.”

வந்தவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதினார். இழுப்பு அக்காவைப் பார்த்தார். மறுபடி எழுதினார்.

மேனேஜர் காதோரம் குனிந்தார். “என்னம்மா, மூணு வரியை இவ்வளவு நீட்டிட்ட? என்ன சொல்றாங்க?”

“நம்ம இஸ்திரிப் பெட்டி ரொம்ப நல்லாயிருக்காம் சார்.”

அவருக்குப் பரம சந்தோஷம். வந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

மறுநாள் மாடியில் மேசை கிடைக்கவில்லை. ‘பெரிய முதலாளி வெளியூர், கையெழுத்து வேண்டும்’ என்றார்கள். கதவு பூட்டப்பட்டது. மணல் வாளி மறுபடி வெளியே போனது. மூன்று வாரம் அவளுக்கு நடந்த சித்திரவதை, அந்த அறையிலேயே அதற்கு முன் நடக்காதது. இருபத்தோரு பேரும் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். “எச்சரிச்சேன்” என்றாள். எட்டு மணிக்குப் பூட்டு விழுகிறபோதெல்லாம், ஒருவேளை அந்த அம்மாவுக்கு ஒன்றுமே புரியவில்லையோ என்று நினைப்பு வரும். மேசையும் போய், கதவும் திறக்காமல், வேலையும் போனால்? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை ஆகிவிடாதா?

நான்காவது வாரம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். தூரதேசத்துக் கடிதம் வந்திருந்தது. படிக்கக் கம்பெனியில் வேறு ஆள் இல்லை; பாராட்டைப் போனில் படித்துத் தெரிந்துகொள்ள மேனேஜருக்கு மனசில்லை.

“படிம்மா. பாராட்டுக் கடிதமா இருக்கும்.”

படித்தாள். முதல் பத்தியிலேயே மூடி, பூட்டு, இருபத்திரண்டு எல்லாம் இருந்தன. அவளையே காட்டிக்கொடுக்கிற கடிதம். மாற்றிப் படிக்கலாம். மேனேஜருக்கு என்ன தெரியப்போகிறது? தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. வரி வரியாக உள்ளது உள்ளபடி சொன்னாள். பூட்டை எடுக்காவிட்டால் ஆர்டர் நிறுத்தப்படும். உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கதவு வேண்டும். மாதம் ஒருமுறை கதவு எப்படி இருக்கிறது என்று கடிதம் வர வேண்டும். அதை, எங்களை எச்சரித்த அந்த ஊழியரே தன் கைப்பட எழுத வேண்டும். அவர் வேலையில் இல்லை என்றால் காரணம் கேட்போம்.

மேனேஜரின் முகம் இஸ்திரிப் பெட்டி மாதிரி சிவந்து, சிவந்து, பிறகு ஆறியது.

“இஸ்திரிப் பெட்டி நல்லாயிருக்குன்னு சொன்னதாச் சொன்னியே?”

“அதுவும் நல்லாத்தான் சார் இருக்கு.”

புதுக் கதவு வந்தது. நெஞ்சளவில் குறுக்கே ஒரு கம்பி; தள்ளினால் திறக்கும். முதல் நாள் இருபத்திரண்டு பேரும் காரணமில்லாமல் கழிப்பறைக்குப் போனார்கள். இழுப்பு அக்கா ஆறு தடவை. சாவி சார் வெறும் கழுத்தோடு வாசலில் நின்று, எதைப் பூட்டுவது என்று தெரியாமல் தன் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் மேசை அவளுக்கு வரவில்லை. மேனேஜர் அதில் தன் மச்சானை உட்கார வைத்தார். அவள் இன்னும் அதே ஸ்டூலில், அதே வெள்ளை ஜன்னலுக்குக் கீழே, ஆயிரத்தறுநூறு மடிக்கிறாள். மாதத்தில் ஒரே ஒரு நாள் மச்சான் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டு கடிதம் எழுதுவாள். மேனேஜர் சொல்லிக்கொடுத்த முதல் வரி வீணாகவில்லை: ‘கதவு எப்போதும் திறந்தே இருக்கும்.’ இப்போது அது உண்மை. இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் அவள் இதுவரை எழுதவில்லை. கேட்டால், “அவசரம் என்ன, அதுவும் உண்மையாகட்டும்” என்கிறாள். வந்த அம்மா ஒரு பாடப்புத்தகம் அனுப்பியிருக்கிறார். அதில் ‘நேற்று’ இருக்கிறது, ‘நலமா’ இருக்கிறது. நாலாம் பாடம் நடக்கிறது.

எல்லாவற்றையும் எழுதி முடித்து, தாள்களைச் சின்னதாக மடித்து அவளிடமே கொடுத்தாயிற்று. எழுதியது வீட்டிலிருந்த அந்த மகள்தான் என்பதை இனி மறைத்துப் பயனில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அச்சுப்பிழை தேடுகிற மாதிரி விரலை வைத்துப் படித்தாள்.

“ஒன்பது ராஜாவா? என் ஆயுசுல நான் பார்த்த ராஜா சாவி சார் ஒருத்தர்தான்.”

“கதைன்னா கொஞ்சம் உப்பு வேணும்மா.”

“உப்பா இது? உப்பளம். போகட்டும். இங்க ஒண்ணு எழுதியிருக்கியே. சீட்டை யார் வெச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலன்னு.”

“ஆமா. தெரியலதானே?”

அவள் கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். சோற்று ஈரம் பட்டுக் காய்ந்த அந்தச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் இந்தத் தாள்களைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். இரண்டும் ஒரே பக்கமாகத் திறந்துகொண்டு கிடந்தன. எதிர்ப்பக்கமாக.

“நூறு கஜத்துலேர்ந்து சொல்லிடுவேன்னு சொன்னேன்ல?”

மகள் கூரையைப் பார்த்தாள். கூரையில் விசேஷமாக ஒன்றும் இல்லை.

“நன்றியெல்லாம் சரி. எங்க கம்பெனிக் காகிதத்துலேயே கடைசியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு. அதைப் படிச்சியா?”

“இல்ல.”

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பதினோராம் பக்கத்துப் பாஷையில், வேண்டுமென்றே மல்யுத்தக்காரன் குரலில் சொன்னாள்:

“ஒருமுறை வாங்கிய பொருளை எக்காரணம் கொண்டும் திருப்பித் தர இயலாது.”